இணைய இணைப்பை அறைக்கு அறை கொண்டு செல்லுதல்
(பீர்க்கன்கரணையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பீர்க்கன்கரணையில் இன்று வீடுகளே மிகுதி. ஆயினும் மாடு வளர்ப்போருக்கும் மாடித்தோட்டம் போடுவோருக்கும் விலை நிலவரம், வானிலை அறிய இணையம் தேவைப்படுகிறது. "கூடத்தில் நன்றாக வருகிறது, பின்கட்டிலும் மாடியிலும் வருவதில்லை" என்பதே பலரின் குறை. இதற்காக அதிக வேகத் திட்டத்துக்கு மாறிப் பணம் கட்டுவது வீண். வாய்க்கால் தூர்ந்திருக்க, மதகை மேலும் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா?

ரூட்டர் அனுப்பும் அலை செங்கற்சுவரிலும் கான்கிரீட் தளத்திலும் வலுவிழக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பின்தங்கியது. ரிபீட்டர் கருவியும் தனக்குக் கிடைத்த அலையைத்தான் திருப்பி அனுப்பும்.

ஆகவே கேபிளே சிறந்தது. ரூட்டரின் லேன் துளையிலிருந்து கேட்-6 கேபிளை அடுத்த அறைக்கு இழுக்கவும். 100 மீட்டர் தூரம் வரை விநாடிக்கு 1000 மெகாபிட் வேகம் குறையாது. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், எளிதில் ஒடியும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். உள்ளிருக்கும் 8 கம்பிகளின் நிற வரிசை இருமுனையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

மேசைக் கணினிக்கு நேராகச் செருகலாம். கைப்பேசிக்கு மறுமுனையில் இன்னொரு ரூட்டர் வேண்டும், பழையதே போதும். அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றவும். அம்முறை இல்லையேல், அதற்கு முதல் ரூட்டரிலிருந்து வேறுபட்ட முகவரி கொடுத்து, டிஹெச்சிபி என்னும் முகவரி வழங்கும் பணியை நிறுத்தி, கேபிளை அதன் லேன் துளையில் செருகவும். ஒரே ஏரிக்கு இரண்டு நீர்க்கட்டி இருந்தால் சண்டைதான்! பல அறைகளுக்குப் பிரிக்க ஒரு சுவிட்ச் பெட்டி உதவும்.

மின்கம்பி செல்லும் குழாயில் இந்தக் கேபிளை நுழைக்காதீர்கள், தனிக்குழாய் போடவும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தரைத்தளத்தில் பெட்டிகளைச் சுவரில் உயர்த்தியே மாட்டவும்.

மாட்டுக்கொட்டகைக்குக் கேபிள் இழுக்க விரும்புவோர் கவனிக்கவும். வெட்டவெளியில் செல்லும் செம்புக் கேபிள் ஆபத்தானது. அருகில் இடி விழுந்தால் மின்வீச்சு அதன் வழியே பாய்ந்து இருமுனைக் கருவிகளையும் கெடுக்கும். அப்போது தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிருக்கும் கேடு. உலோகம் கலவாத கண்ணாடி இழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. இருமுனையிலும் மாற்றுக் கருவி தேவைப்படுவதால் செலவு கூடும். கொட்டகையில் கண்காணிப்புக் கேமரா வைப்போருக்கு அச்செலவு தகும் என்பது என் கருத்து. விலை நிலவரம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் கொட்டகைக்குக் கேபிளே வேண்டாம். கைப்பேசியின் சொந்த இணைப்பு போதும்.