கொழும்புக்குப் போகும் நம் பிள்ளைகள் எதைத் தேடிப் போக வேண்டும்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டபோது பலரும் நல்ல யோசனைகள் சொன்னார்கள். மண்டபத்துக்குக் கூரை, கணினி அறை, நூலகத்துக்குப் புது அலுமாரிகள். எல்லாமே தேவையானவை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கத்தான் எனக்குக் கிடைத்த இந்த நேரத்தைப் பயன்படுத்தப் போகிறேன். ஒவ்வோர் ஆண்டும் தரம் 10 பிள்ளைகள் அனைவரையும், ஒருவரையும் விடாமல், ஒரு நாள் தலைநகருக்கு வரலாற்றுச் சுற்றுலா அழைத்துச் செல்ல வேண்டும். அதை நம் சங்கம் பொறுப்பேற்க வேண்டும்.

"கொழும்புக்குத்தானே, அது எல்லாப் பாடசாலையும் போவதுதானே" என்று சிலர் நினைப்பீர்கள். உண்மைதான். விடியற்காலை நான்கு மணிக்கு பஸ் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டு போய், மிருகக்காட்சிசாலை பார்த்து, ஒரு கடைத்தொகுதியில் மின்படியில் ஏறி இறங்கி, மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுத் திரும்புவோம். நாமும் அப்படிப் போனவர்கள்தான். பிள்ளைகள் சிரித்து மகிழ்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அனுமதிக் கடிதத்தில் "வரலாற்றுச் சுற்றுலா" என்று எழுதிவிட்டு, கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை 130 கிலோமீற்றர் கூட்டிப்போய்க் கடலைக் காட்டித் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரலாறு படிப்பித்த காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், நம்ம ஊர் இதில் எங்கே வருது?" அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி, கொழும்பு என்று பாடம் போய்க்கொண்டே இருக்கும். உப்பளத்துக்கும் களப்புக்கும் நடுவில் வாழும் பிள்ளைக்கு, வரலாறு என்பது வேறு யாரோ, வேறு எங்கோ செய்த காரியம் என்று தோன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தோடு நூதனசாலைக்குள் போனால் கண்ணாடிப் பெட்டியும் பெயர்ப் பலகையும் மட்டும்தான் தெரியும். அதனால் என் யோசனை இது: ஒவ்வொரு பிள்ளையும் நம் கரையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்தப் பயணமே புதிதல்ல. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1344 இல் மாலைதீவிலிருந்து வந்து கரையிறங்கிய இடத்தைப் "பத்தாலா" என்று எழுதினார். அது நம் புத்தளம். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார், அவருடைய உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் போனார். பிறகு தெற்கே தெவிநுவரை, காலி வழியாகக் "கலன்பு" வந்தார். கலன்புவிலிருந்து பத்தாலாவுக்குத் திரும்ப மூன்று நாள் ஆனது என்று எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் நான்கு மணி நேரத்தில் போகும் வழி அது. எந்த ஆறுகளைக் கடந்திருப்பார், எங்கே தங்கியிருப்பார் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறட்டும். சிலாபம், மாதம்பை, நீர்கொழும்பு என்று வரும் ஒவ்வோர் ஊரும் அப்போது பாடமாகும். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் கண்ணில் படும்போது, தார் வீதி வருமுன் பொருள்கள் எப்படிக் கொழும்புக்குப் போயின என்று கேட்கத் தோன்றும்.

இரண்டாவது, கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409 ஆம் ஆண்டுத் திகதியுடையது, 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்துவதாக ஒரே கல்லில் எழுதியிருக்கிறது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒரே வீதியில் பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கல் அந்நியமாக இருக்காது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒருவர், இந்தத் தீவின் கரையில் யாரோடு பேச வேண்டுமானாலும் இந்த மூன்று மொழியும் தேவை என்று ஏன் நினைத்தார்? நாற்பது நிமிடப் பாடத்தில் அதை ஓரளவுதான் விளக்க முடியும். கல்லுக்கு முன்னால் நிற்கும்போது மிச்சம் விளங்கும்.

மூன்றாவது, அதே நூதனசாலையில் இருக்கும் லெவ்கே பீரங்கி. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச்சென்றது. நெதர்லாந்தில் இரு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு, 2023 இன் இறுதியில் வேறு ஐந்து பொருள்களோடு திரும்பி வந்தது. பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தப் போருக்கும் நமக்கும் உள்ள தொடர்பைப் பலரும் பேசவில்லை. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றாலும், புத்தளம் கண்டி அரசின் கடல்வாசலாக இருந்துவந்தது. பீரங்கி பறிபோன அடுத்த ஆண்டு, 1766 ஒப்பந்தத்தில், கண்டி மன்னர் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பொன்னும் மாணிக்கமும் பதித்த அந்தச் சிறிய பீரங்கியும் நம் கரையும் ஒரே போரில் கைமாறியவை. எதைத் திருப்பிக் கொடுக்க முடியும், எதைத் திருப்பிக் கொடுக்கவே முடியாது என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைவிட நன்றாகப் பேசுவார்கள்.

நான்காவது, நம் ஊர்க்காரர் ஒருவர். 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் "சிலோன் கசெற்றியர்" என்ற ஆங்கில நூலை 1834 இல், 27 வயதில் வெளியிட்டார். 1838 இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் "தமிழ் புளூராக்" 1859 இல் வெளிவந்தது. அவருடைய கசெற்றியர் எங்கே அச்சானது தெரியுமா? கோட்டேயில், மிசனரிமாரின் அச்சகத்தில். இன்று நாடாளுமன்றம் இருக்கும் அதே கோட்டே.

கோட்டே என்றதும் இன்னொரு விடயம். "இலங்கையின் தலைநகர் எது?" என்றால் பாதி வகுப்பு கொழும்பு என்கும், பாதி வகுப்பு ஸ்ரீ ஜயவர்தனபுர என்கும். இந்தக் குழப்பமே நல்ல பாடம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட தலைநகர் கோட்டே. 1565 இல் போர்த்துக்கேயர் அதைக் கைவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். 1982 இல் தியவன்னா ஓயாவின் நடுவே, ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. தலைநகர் ஏன் இடம் மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு வரலாறு மனப்பாடப் பாடமாக இருக்காது.

ஐந்தாவது கேள்வியை இந்த மண்டபத்தில் இருக்கும் நமக்காகவே வைத்திருக்கிறேன். 1838 இல் காசிச்செட்டியை நியமித்தவர் ஆளுநர். யாரும் வாக்களிக்கவில்லை. நம் சங்கத்தை நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பெண்களில் ஒருவருக்குக்கூட அன்று வாக்குரிமை இல்லை. 1927 இல் கொழும்பில் பெண்கள் சேர்ந்து வாக்குரிமைச் சங்கம் அமைத்து, டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் வாதாடினார்கள். 1931 இல் 21 வயது நிரம்பிய பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்களித்தார்கள். பிரித்தானியாவில் பெண்களுக்கு அந்தச் சம உரிமை கிடைத்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அந்தச் சபை கூடிய கட்டிடம் காலிமுகத்திடலின் ஓரத்தில் நிற்கிறது, இன்று அது ஜனாதிபதி செயலகம். பஸ் அதைக் கடக்கும்போது, "உங்கள் பூட்டி வாக்குப் போட்ட கதையை வீட்டில் கேட்டீர்களா?" என்று நான் கேட்பேன். கேட்காதவர்கள் திரும்பி வந்து கேட்பார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு நாளில் நான்கு இடம், அதற்கு மேல் வேண்டாம். அதிகாலை புறப்பட்டால் காலை நெரிசல் முற்றுமுன் புறக்கோட்டையில் ஒரு மணி நேரம் நடக்கலாம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில், செம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம் எல்லாம் நடக்கும் தூரம். பிறகு நூதனசாலையில் இரண்டரை மணி நேரம். மதியச் சாப்பாடு அருகிலுள்ள பூங்காவில், கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சல். அடுத்து சுதந்திர சதுக்கம். கடைசியாகக் கோட்டே. இரவு ஒன்பது மணிக்குள் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் தாய்மார் முதலில் கேட்பது இதைத்தான், அடுத்தது கழிப்பறை வசதி. இரண்டுக்கும் விடை கையில் இல்லாமல் பெற்றோர் கூட்டம் வைக்காதீர்கள்.

போயா நாளும் பொது விடுமுறையும் தவிர்க்க வேண்டும். ஜும்ஆவுக்கு இடைஞ்சல் வராமல் வெள்ளிக்கிழமையையும் தவிர்க்கலாம். அந்த நூதனசாலைக்கே ஒரு வெள்ளிக்கிழமைக் கதை உண்டு. 1877 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டிடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் கிரகெரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். கட்டியவரின் பெயர் தெரிந்து உள்ளே போகும் பிள்ளை, கட்டிடத்தையே வேறு கண்ணால் பார்க்கும்.

அதிபரின் கடிதம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, மாணவர் கட்டணச் சலுகைக்கான விண்ணப்பம் மூன்றும் ஒரு தவணைக்கு முன்பே போக வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். கொழும்பில் இருக்கும் தங்கைமாரே, உங்களை இங்கேதான் எதிர்பார்க்கிறேன். விளக்கம் சொல்ல வேண்டாம். ஒரு நாள் விடுப்பு எடுத்து, பத்துப் பிள்ளைகளோடு கூட நடந்தால் போதும். இந்தப் பாடசாலையில் படித்த ஒருவர் தலைநகரில் உத்தியோகம் பார்க்கிறார் என்று அவர்கள் கண்ணால் காண்பதும் பாடம்தான்.

காசு விடயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், வராமல் நிற்கப்போகும் பிள்ளை யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சோளகக் காற்றில் தோணி இறங்காத வீட்டுப் பிள்ளை. மழை பெய்து உப்பு கரைந்துபோன வீட்டுப் பிள்ளை. "எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும் டீச்சர்" என்று அவள் சொல்வாள். அந்தப் பொய்யை ஒரு பிள்ளைகூடச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. எல்லோரிடமும் ஒரே சிறு தொகை, மிச்சம் சங்கத்தின் நிதி. பணம் கட்டியவர் பட்டியல் வகுப்பில் வாசிக்கப்படக் கூடாது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கட்டாரிலும் இருந்து இந்த மலரைப் படிக்கும் சகோதரிகளிடம் நான் கேட்பது, ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் இடம். எந்தப் பிள்ளை என்று கேட்காமல் கொடுங்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரே ஒரு வேலை கொடுக்கலாம். "நூதனசாலையில் நீ தேடியும் கிடைக்காதது என்ன?" என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரு பிள்ளை முத்துக்குளித்தவர்களைத் தேடலாம். இன்னொருத்தி உடப்பில் வலை இழுப்பவர்களின் பாட்டைத் தேடலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையோடு இந்தக் கரைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். தன் உம்மம்மா கொண்டுவந்த வீட்டுச் சாவியை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பது நம் பாடசாலையின் கடமை. அந்தப் பக்கங்களையும், வீடுகளிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் பொருள்களையும் சேர்த்து, பரிசளிப்பு விழா நாளில் இந்த மண்டபத்திலேயே கண்காட்சி வைப்போம். அப்பாமாரும் அம்மாமாரும் வந்து பார்க்கட்டும்.

மண்டபத்துக் கூரையும் போடுவோம், கணினியும் வாங்குவோம். அதோடு இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே முதல் பயணத்துக்கு ஒரு திகதியும் ஒரு நிதியும் குறித்துவிடுங்கள் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பஸ்ஸில், வயதானாலும், எனக்கும் ஓர் ஆசனம் வேண்டும்.