மலிவுக் கட்டணத்தின் விலையைக் கொடுத்தவர் யார்?



வெங்காயமும் புகையிலையும் செய்கின்ற எமக்கு ஆகாய விமானக் கம்பனிகளின் கதை எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணலாம். எமது அரசாங்க விமானக் கம்பனியை மறுசீரமைக்க வேண்டுமென்ற பேச்சுப் பல்லாண்டுகளாக எம் காதில் விழுகின்றது. "மறுசீரமைப்பு" என்ற அச்சொல் 2023ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை எவ்வாறு தொட்டது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆதலின், அதே சொல் அமெரிக்காவில் என்ன செய்தது என்பதைச் சொல்ல விரும்புகின்றேன்.

1971ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் சவுத்வெஸ்ட் என்ற சிறு கம்பனி மூன்று விமானங்களுடன் பறக்கத் தொடங்கிற்று. அது பறக்கு முன்னரே பழைய கம்பனிகள் அதனை நீதிமன்றத்துக்கு இழுத்தன. அவ்வழக்குகளை ஆடி வென்றவர் ஹேர்ப் கெலஹர் என்ற சட்டத்தரணி. எமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கொரு சிறு பெருமை, பொறுத்தருள்க.

அக்கம்பனியின் கட்டணம் எதனால் மலிந்தது? தொழிலாளரின் வயிற்றிலடித்தா? அன்று. அதன் ஊழியரிற் பெரும்பாலார் தொழிற்சங்கத்தினர். போயிங் 737 என்ற ஒரே வகை விமானம். ஆகவே ஒரே வகை உதிரிப்பாகம், ஒரே வகைப் பயிற்சி. அக்காலத்தில் இறங்கிய விமானம் இருபது நிமிடமளவில் மீண்டும் எழும்பிற்று. நிலத்தில் நிற்கும் விமானம் வட்டியைத்தான் வளர்க்கும். வாடகைக்குப் பிடித்த உழவு இயந்திரத்தை வரம்போரம் நிறுத்திவைத்த விவசாயிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1973 முதல் 2019 வரை ஓராண்டேனும் அக்கம்பனி நட்டமடையவில்லை.

பழம்பெரும் யுனைட்டட் எயர்லைன்ஸ் இதற்கெதிராகச் செய்தது என்ன? 1994இல் மேற்குக் கரையில் "ஷட்டில்" என்றொரு மலிவுச் சேவையைத் தொடங்கிற்று. 2001இல் அது மறைந்தது. 2004இல் "டெட்" என்று இன்னொன்று. தன் பெயரின் வாலை வெட்டி வைத்த பெயர். விமானங்கள் தன்னுடைய எயர்பஸ் 320கள். விமானிகளும் பணியாளரும் அதே ஆட்கள். மாறியவை நிறப்பூச்சும், நெருக்கிப் போட்ட 156 ஆசனங்களும். பல திசைப் பிரயாணிகளையும் ஒரு பெரிய நிலையத்தில் திரட்டிப் பிரித்தனுப்பும் பழைய ஏற்பாட்டில் விமானங்கள் ஒன்றையொன்று காத்து நிற்கவே வேண்டும். நிறப்பூச்சு அதை மாற்றுமா? 2009இன் தொடக்கத்தில் டெட்டும் போயிற்று.

வேலைமுறையைத் திருத்தாத கை வேறெங்கே சென்றது? அங்கேதான் என் மனம் நோகின்றது. 1994இல் விமானிகளும் இயந்திரத் தொழிலாளரும் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, ஏனைய ஊழியர் சிலருடன் சேர்ந்து, கம்பனியின் 55 வீதப் பங்குகளைப் பெற்றிருந்தனர். 2002 டிசெம்பரில் கம்பனி வங்குரோத்து நீதிமன்றத்தில் அடைக்கலம் புகுந்தது. பங்குகள் வெறுங் கடதாசியாயின. 2001 செப்டெம்பர்த் தாக்குதல் எல்லாக் கம்பனிகளையும் உலுக்கிற்று என்பதை மறுக்கேன்; சவுத்வெஸ்ட்டும் அதே வானத்திலேதான் பறந்தது.

2005இல், நீதிமன்றத்தின் அனுமதியோடு, யுனைட்டட் தன் ஓய்வூதியத் திட்டங்களை அரசாங்கக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் தலையில் இறக்கிவைத்தது. அத்திட்டங்களில் 120,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். துண்டுவிழுந்த தொகை ஏறக்குறைய 980 கோடி டொலர். கூட்டுத்தாபனம் பொறுப்பேற்றது 660 கோடி. மிகுதி ஊழியரின் நட்டம். சட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. சட்டம் படித்தவன் சொல்கின்றேன்.

விமானிகளின் கதை இன்னும் விசித்திரமானது. அக்காலத்து விதி அவர்களை 60 வயதில் கட்டாயமாக இளைப்பாறச் செய்தது. கூட்டுத்தாபனத்தின் விதியோ, 65 வயதில் இளைப்பாறியவனுக்கு ஆண்டுக்கு அண்ணளவாக 44,000 டொலர் உச்ச வரம்பென்றும், 60 வயதில் இளைப்பாறியவனுக்கு 29,000 டொலர் என்றும் வைத்திருந்தது. முந்தி இளைப்பாறிய குற்றத்துக்குத் தண்டனை! இளைப்பாறும் வயது 2007 டிசெம்பரில் 65ஆக உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பப்பட்ட விமானிகளுக்கு அதனால் ஒரு சதமும் கூடவில்லை.