விளையாட்டு மன்றத்துக்குக் கொடுப்பதும் வருமான வரியும்

(நமது டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளுக்காகக் கால்பந்து மன்றம் நடத்தும் சகோதரர்களும், அவர்களுக்குத் தோள்கொடுக்கும் பெற்றோரும் வந்திருக்கிறீர்கள். மன்றத்துக்குச் செய்வதற்கு வருமான வரியில் கழிவு உண்டா என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். உண்டு. ஆனால் பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் உழைப்பு. ஃபஜ்ருக்குப் பிறகு மைதானத்துக்கு வந்து பயிற்சி கொடுப்பவர், ஞாயிறுதோறும் நடுவராக நிற்பவர், இவர்களின் நேரத்துக்கு ஒரு பைசா கழிவு கிடையாது. அமெரிக்காவில் கிடைக்கிறதாமே என்கிறார்கள். அங்கேயும் நேரத்துக்கு இல்லை. தொண்டுக்காகச் சொந்தக் காரை ஓட்டினால் மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம். இந்தியாவில் அதுவும் இல்லை. ஆகவே பிள்ளைகளை வேனில் போட்டிக்கு அழைத்துப்போகும் சகோதரர் டீசல் பில்லை மன்றத்தில் கொடுத்துச் செலவை வாங்கிக்கொள்ளலாம். கைச்செலவு திரும்பி வருவது அவருக்கு வருமானம் ஆகாது. பிறகு மனமிருந்தால் வங்கி வழியாகத் தனியே நன்கொடை கொடுக்கட்டும், அது கணக்கில் நிற்கும். கேட்டு வாங்க நம்மவர்களுக்குக் கூச்சம். அது நமக்கும் புரிகிறது.

அடுத்து பணம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் அங்கீகாரம் பெற்ற மன்றத்துக்குக் கொடுத்தால்தான் கழிவு. கொடுத்ததில் பாதி கழியும்; வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்ற உச்சவரம்பும் உண்டு. ஏழு லட்சம் வருமானத்துக்கு 20 சதவீத வரி கட்டுகிறவர் 20,000 ரூபாய் கொடுத்தால், 10,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். வரியில் மிச்சமாவது மேல்வரியோடு சேர்த்து 2,080 ரூபாய். இருபதாயிரமும் வரியில் குறையும் என்று எண்ணிக் கொடுப்பவர் ஏமாந்துபோவார். இதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கே. 2023-24 முதல், பழைய முறை வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான்; அதில் 80ஜி இல்லை.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் மொத்தத்துக்கும் கழிவு போய்விடும். பந்து, ஜெர்சி, ஷூ வாங்கிக் கொடுத்தாலும் கழிவு கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். பிள்ளையின் பயிற்சிக் கட்டணம் நன்கொடையே அல்ல; கைம்மாறு பெற்றுக்கொண்டு கொடுத்தது அது. இதையெல்லாம் ரசீது போட்டுத் தரும்படி மன்றத்தாரை நெருக்காதீர்கள். தவறான கழிவு கேட்டால் நோட்டீஸ் வருவது கொடுத்தவர் வீட்டுக்குத்தான்.

இனி மன்றத்தார் கவனிக்க வேண்டியது. விளையாட்டை வளர்ப்பதும் அறப்பணியே என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1984இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதனால் வழி திறந்தே இருக்கிறது. நம்மவர்கள் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். விதிமுறையில் "நமது சமுதாய இளைஞர்களுக்காக" என்று ஆசையோடு ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதியாருக்கோ என்று எழுதப்பட்ட அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. மைதானத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். பத்திரத்தில் மட்டும் வேலி. டீட் எழுதுமுன் அந்த வரியைப் பாருங்கள். பதிவான பிறகு திருத்துவது அலைச்சல், செலவும் கூட. மைதானத்தை வெளி அணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: அப்படி வரும் பணம் மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வரிவிலக்கு போய்விடும்.

மன்றம் தன் கையால் எழுதித் தரும் ரசீது மட்டும் இப்போது போதாது. ஒவ்வொரு நன்கொடையாளரின் பான் எண்ணோடு 10பிடி படிவத்தை வரித்துறை இணையதளத்தில் மே 31க்குள் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதன்பின் கிடைக்கும் 10பிஈ சான்றிதழ் கைக்கு வந்தால்தான் கொடுத்தவர் கழிவு கேட்கலாம். சின்ன மன்றங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பான் எண்ணைக் கேட்க மறந்து மே மாதக் கடைசியில் வீடு வீடாக அலைகிறார்கள். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும். 2025-26 நிதியாண்டில் கொடுத்ததற்குப் பழைய சட்டமே பொருந்தும். மன்ற நிர்வாகிகள் அடுத்த கூட்டத்துக்கு டிரஸ்ட் பத்திரம், பதிவு உத்தரவு, 80ஜி உத்தரவு மூன்றின் நகலோடு வாருங்கள். அங்கீகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று முதலில் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.