பாலையின் கரை



முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து வெம்பிய நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் காட்டும். பாலையைத் தனி நிலமாக எண்ணாது, நிலத்துக்கு நேரும் ஒரு நிலையாகக் கண்ட அத் தெளிவு, இருபதாம் நூற்றாண்டின் அறிஞர் பலர்க்கு வாய்க்கவில்லை. ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியே அதற்குச் சான்று.

சகாராவின் தெற்கே கீழ்மேலாகக் கிடக்கும் புல்நிலப் பட்டை அது. அரபு மொழியில் அப் பெயர்க்குக் கரை என்பது பொருள். 1968 தொடங்கி அங்கு மழை பொய்த்தது. ஆனிரை மடிந்தது, மக்கள் பல்லாயிரவர் மாண்டனர். பழி யார்மேல் விழுந்தது? ஆடு மேய்த்தவன்மேலும் விறகு வெட்டியவள்மேலும் விழுந்தது! சூடானில் பாலை பதினேழே ஆண்டுகளில் 90 முதல் 100 கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிட்டதென 1975-இல் ஓர் அறிக்கை உரைத்தது. பழைய நிலப்படம் ஒன்றையும் வறட்சியை அடுத்து நிகழ்ந்த நோட்டம் ஒன்றையும் ஒப்பிட்டுச் செய்த கணக்கு அது.

பின்னர்ச் செயற்கைக்கோள்கள் ஆண்டுதோறும் அளந்தன. 1980-க்கும் 1984-க்கும் இடையே பாலையின் தென்னெல்லை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தெற்கே வந்தது. மறு ஆண்டு மழை சற்றே மிக, 110 கிலோமீட்டர் வடக்கே பின்வாங்கியது. படையெடுத்து வரும் பகைவன் இவ்வாறு திரும்பிப் போவானா? கரையெனப் பெயரிட்டோர் அறிந்தே இட்டனர் போலும். மழை குன்றியதற்கு முதன்மைக் கரணியம் பெருங்கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலை மாறியதே எனப் பிற்கால ஆய்வுகள் நிறுவின.

ஓராண்டுப் புல் வித்தாய் மண்ணிற் கிடந்து, முதன்மழையில் முளைத்துச் சில கிழமைகளிற் காய்த்துவிடும். மரம் அங்ஙனமன்று. சில ஆண்டு வறட்சியை வேரால் தாங்கும். பட்டுவிட்டாலோ, ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆதலின் 1990-களில் மழை ஓரளவு மீண்டு, படங்களிற் பசுமை கூடியபோதும், பழைய மரவகைகள் பலவிடத்தும் மீளவில்லை. வறட்சி தாங்கும் வகைகளே அங்கு எஞ்சின. வானிலிருந்து நோக்குவார்க்கு இவ் வேறுபாடு எளிதில் தோன்றாது.

நைசர் நாட்டு மராடி, சிண்டர் வட்டாரங்களில் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுள் உயிரோடிருந்தன. 1980-களிலிருந்து உழவர் அவற்றின் தளிர்களை அழிக்காது, வலியன சிலவற்றை விட்டு ஏனையவற்றைக் கழித்து வளர்த்தனர். ஏறத்தாழ 50 இலக்கம் எக்டேர் நிலம் மரம் போர்த்தது. முன்னரே ஏன் வளர்க்கவில்லை? மரமெல்லாம் அரசுடைமை என்றது பிரெஞ்சு ஆட்சிவழி வந்த சட்டம். தனதல்லாத மரத்தை எவன் காப்பான்? அதன் பிடி தளர்ந்த பின்னரே தளிர் மரமாயிற்று. அவற்றுட் சிறந்தது பைதர்பியா என்னும் வேலமர இனம். மழைக்காலத்தில் இலையுதிர்த்துப் பயிர்க்கு ஒளிவிடும்; வறண்ட காலத்தில் தழைத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் இலையும் நெற்றும் தரும்.

இப்போது மழையின் போக்கும் மாறியுள்ளது. 1982-க்குப் பின் 35 ஆண்டுகளில் சாகேலின் கடும்புயல் மழைகள் மும்மடங்காயின. இறுகிய மண்மேல் அந் நீர் நில்லாது ஓடும். ஆதலின் புர்க்கினா பாசோ உழவர், மழைக்கு முன்னரே வயலெங்கும் சிறுகுழி தோண்டி, எருவிட்டு, அந் நீருக்குக் காத்திருக்கின்றனர்.