இமை விளிம்பு நோயை அறிவது எப்படி?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கண்ணை இமை காப்பது போல" என்று சொல்லுகிறோம். அந்த இமைக்கே நோய் வந்தால் யார் கவனிக்கிறார்கள்? மயிர் முளைக்கும் இமை விளிம்பு சிவந்து, தடித்து, எரிவதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச வந்தேன்.

இறம்பொடையின் குளிர் காற்றிலும், லயத்து அடுப்பின் விறகுப் புகையிலும் கண் கரிப்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. ஆகையால் எல்லாவற்றையும் "புகை பட்டது" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் புகையினால் வந்த கரிப்பு, அடுப்பை விட்டு விலகினால் பெரும்பாலும் தணியும். இமை அழற்சியோ காலையில் எழும்போதே மிகுந்து நிற்கும். பீளை காய்ந்து இமைகள் ஒட்டிக்கொள்ளும். எனவே, "எப்போது அதிகம்?" என்பதே முதற் கேள்வி.

இரண்டாவதாக, மயிரின் அடியைப் பாருங்கள். அங்கே காய்ந்த பொருக்கு ஒட்டியிருந்து, அதை எடுத்தால் சிறு புண் தெரியுமானால், கிருமியின் வேலையாக இருக்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள செதிலும், தலையிலே பொடுகும் சேர்ந்திருந்தால் அது வேறு வகை. மயிரைச் சுற்றிக் குழல் போலச் செதில் படிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி காரணமாகலாம். இதனை வைத்தியர் உருப்பெருக்கும் விளக்குக் கருவியால் பார்த்து அறிவார்.

மூன்றாவது, இமைக்குள்ளே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். ஜெர்மானிய வைத்தியர் மைபோம் 1666இல் இவற்றை விவரித்தார். இவற்றின் எண்ணெய்தான் கண்ணீர் விரைவில் உலராமல் காக்கிறது. வைத்தியர் இமையை மெல்ல அழுத்தும்போது தெளிந்த எண்ணெய் வந்தால் நலம். பற்பசை போலக் கட்டியாக வந்தால் சுரப்பி அடைபட்டிருக்கிறது.

நான்காவது கேள்வியே மிக முக்கியமானது: ஒரு கண்ணா, இரு கண்ணா? சாதாரண அழற்சி பெரும்பாலும் இரு கண்களிலும் வரும். ஒரே கண்ணில் மாதக்கணக்காக ஆறாமல், மயிர் உதிர்ந்து, இமை தடித்துக்கொண்டே போனாலும், கட்டி அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலும் அலட்சியம் வேண்டாம். மேற்சொன்ன எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் இப்படித்தான் வேடம் போடும். ஐரோப்பியரிடையே அது மிக அரிது. இந்தியா, சீனா முதலிய ஆசிய நாடுகளில் இமைப் புற்றுநோய்களுள் அதன் பங்கு அதிகம். சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதித்தாலன்றி உண்மை தெரியாது. காலத்தோடு கண்டால் உயிரையும் கண்ணையும் காக்கலாம்.

கொழுந்து பறிக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். "வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே" என்று அவர் தயங்குவார். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றிக்கொள்வார். அதிலே ஸ்டீரோயிட் இருந்தால் சிவப்பு மறையும், நோய் மறையாது. நெடுநாள் ஊற்றினால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும்.

சாதாரண அழற்சிக்குச் சிகிச்சை எளிது. சுத்தமான துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பிறகு விளிம்பை மெல்லத் துடைக்க வேண்டும். இந்நோய் அடியோடு போகாது; அன்றாடச் சுத்தத்தால் அடங்கியிருக்கும். ஆனால் கடும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்க.

வாலிபர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒற்றைக் கண்ணில் ஆறாத இமையைக் கண்டால், நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ நீங்களே கூட்டிச் செல்லுங்கள். ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைத்துத் தேடிக்கொள்ளலாம். போன கண்ணைத் தேட முடியாது.