கூடுதலாக ஓர் அறை கட்ட யாருக்கு உரிமை?

(முசரவாக்கத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டுத்தறிக்குப் பேர்போன காஞ்சிபுரத்துப் பக்கம் வந்து கடற்கரைச் சட்டம் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை கோவளமும் மாமல்லபுரமும் நம் மாவட்டம்தான். தவிர, இது வீட்டைப் பற்றிய பேச்சு. மகனுக்குக் கல்யாணமாகிறது. இருக்கிற வீட்டோடு ஓர் அறையும் அடுப்படியும் இழுத்துக் கட்ட வேண்டும். கடற்கரையில் அதற்கு யாருக்கு அனுமதி கிடைக்கும்?

1991 பிப்ரவரி 19 அன்று ஒன்றிய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடு கூடாது. அங்கீகாரம் பெற்ற பழைய வீட்டை, அடித்தளப் பரப்பைக் கூட்டாமல் பழுதுபார்த்துக் கொள்ளலாம். அதாவது மகனுக்கு அறை கிடையாது. 2011 அறிவிக்கை, 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் உள்ளிட்ட மரபான கடலோரச் சமூகங்களின் வீடுகளுக்கு வழிவிட்டது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளில் தடையை 50 மீட்டராகச் சுருக்கியது. 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு உள்ளூர் அமைப்பே அனுமதி தரலாம் என்றது.

விதி தளர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் தளர்வு யார் வீட்டு வாசல்வரை வருகிறது? விண்ணப்பத்தோடு பட்டா வைக்க வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டு வாழும் இருளர் பட்டாவுக்கு எங்கே போவார்? கடலோரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தும் படகோ வலையோ இல்லாத தலித் கூலித் தொழிலாளி, ‘மரபான கடலோரச் சமூகம்’ என்ற சொல்லுக்குள் வருவாரா? அவர் வருவார் என்று யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மீனவர்களே ஒடுக்கப்பட்ட உழைக்கும் மக்கள்தான்; நம் கேள்வி அவர்களை நோக்கியது அல்ல. ‘அங்கீகாரம்’ என்ற சொல்லை நோக்கியது.

அந்தச் சொல்லுக்கு இந்த மண்ணிலேயே பழைய வரலாறு உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்தது. வேலைக்கு வர மறுத்தால் வீட்டைவிட்டுத் துரத்தலாம். மனை இல்லாததே அடிமைத்தனத்தைக் கட்டிக் காத்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரை இழந்தோம். பட்டா இல்லாமை தற்செயலாக நேர்ந்தது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும் இதே கதைதான். 2005 மார்ச்சில் வந்த தமிழக அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீட்டின் உரிமையாளர், அப்பால் போனால் 1.5 லட்சம் ரூபாய் மதிப்பிலான புது வீடு என்றது. அங்கேயே இருந்தால் தன் செலவில் பழுதுபார்க்க வேண்டும். அரசு உதவி இல்லை. பேச்சு முழுவதும் ‘உரிமையாளரோடு’. உரிமையாளராகவே எழுதப்படாதவர் எந்தப் பத்தியில் வருவார்? தலித்துகள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை அன்றைய உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன.

கடற்கரையில் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் ஏறி வருகிறது. மணல்மேடு அழிந்தால் முதலில் சாவது குடிசைவாசிதான். நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லி. முதலில் பாதுகாப்பான இடத்தில் மனைப்பட்டா, பெண்கள் பெயரில். பிறகு கட்டுமான விதி. மனையே இல்லாதவரிடம் சதுர மீட்டர் கணக்குப் பேசுவது கேலி.

நாம் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்பட வேண்டும். கடலோர மீனவச் சமூகங்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநிலங்கள் திட்டம் தீட்ட வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. வரைபடம் வெளியாகும்போது போய்ப் பாருங்கள். மீனவக் குப்பம் இருக்கிறதா? அதன் ஓரத்துச் சேரி இருக்கிறதா? கழிமுகத்து இருளர் குடியிருப்பு இருக்கிறதா? இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்; ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.