பெற்றவள் மேல் பழி எதற்கு?

(ஆவுடையார்கோவிலில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



மூன்று வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை, பேசவில்லை என்றால் நம் ஊரில் யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள்? பெற்றவளைப் பார்த்துத்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? என்ன பாவம் செய்தாய்? மாமியார் கேட்கிறாள், வேலை முடித்து வரும் புருஷனும் கேட்கிறான். அவள் பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொள்கிறாள். மூளை முடக்குவாதம் என்பது பிறக்கும் முன்போ, பிரசவத்திலோ, பிறந்த பின்போ மூளைக்கு நேர்ந்த சேதம். சந்திரனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

படிக்காத சனங்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தாய்க்குப் பாசம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று 1950களில் அமெரிக்காவின் பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். அது தவறென்று 1964-இல் புத்தகம் எழுதிக் காட்டிய பெர்னார்டு ரிம்லண்டு, அப்படியொரு பிள்ளையின் தகப்பன். மறு ஆண்டே பெற்றோர்கள் சங்கமாகக் கூடினார்கள். 1985-இல் சென்னையில் வித்யாசாகர் நிலையத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும், மூளை முடக்குவாதம் கொண்ட பிள்ளையின் தாய்தான்.

இன்று உலக சுகாதார நிறுவனமே இதற்கொரு பயிற்சி வகுத்திருக்கிறது. 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் 9 முறை குழுவாகக் கூடுகிறார்கள். 3 முறை பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார். அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. சோறு ஊட்டும்போது பிள்ளைக்கு எப்படிப் பேச்சுக் கொடுப்பது, அது அலறினால் என்ன செய்வது, தாய் தன் மனத்தை எப்படித் தேற்றிக்கொள்வது என்றெல்லாம் பேசுகிறார்கள். அழ வேண்டியவள் அழலாம். எதிரே இருப்பவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டிலும் அதே கதை.

ஆனால் நம் சிக்கல் வேறு. நடவு நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் யார் வருவார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே கூட்டம் நம் தெருவுக்கே வர வேண்டும். அங்கன்வாடியில், வேலை விட்ட பின், மாலையில். நடத்த ஆளை அனுப்பு என்று சர்க்காரைக் கேட்போம். அந்த நேரம் அடுப்பைப் புருஷன் பார்க்கட்டும். (சில தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது!)

1990களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஒருத்தி ஏறியபோது ஊர் சிரித்தது. ஆயிரக்கணக்கில் ஏறியபோது சிரித்தவன் ஒதுங்கி வழிவிட்டான்.

தெருவுக்கு இரண்டு பெண்களாகப் போய், சாத்திய கதவைத் தட்டுங்கள். கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள். பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.